பேரேட்டுக்கு ஒரு நியாயம், செல்போனுக்கு ஒரு நியாயமா?



வியாபாரம் நம்பிக்கையின் பேரில் நடக்கிறது என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடியில் எப்போதும் ஓர் எழுத்து இருந்து வந்திருக்கிறது. சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று நம் முன்னோர்கள் வகை பிரித்து எழுதி வைத்தார்கள். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்று பழமொழியும் சொல்லி வைத்தார்கள். கடைக்குத் தீ வைத்தாலும் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்தான் வியாபாரி என்பார்கள் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள்.

இன்று அந்த எழுத்து கல்லாப் பெட்டியை விட்டு இறங்கி, செல்போனுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. சில்லறைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் சாமான் லிஸ்ட் அனுப்புகிறார். மண்டியில் கம்ப்யூட்டர் பில் போடுகிறது. லாரியில் சரக்கு ஏறும் முன்னால் இ-வே பில் ஏறுகிறது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், மற்றொரு வியாபாரிக்குப் போடும் பில்லை 2023 ஆகஸ்ட் 1 முதல் அரசாங்கத்தின் இ-இன்வாய்ஸ் முறையில்தான் போட வேண்டும். கடை வாசலில் கியூ.ஆர். அட்டை. பணம் வந்ததைச் சொல்ல ஒரு சத்தப் பெட்டி.

வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பெரிய வேற்றுமையை நாம் கவனிக்க வேண்டும். பேரேட்டை எழுதியது நாம், வைத்திருந்ததும் நாம். இன்றைய பேரேட்டை எழுதுவது வங்கியின் கம்ப்யூட்டர். வைத்திருப்பது வங்கியும் செயலிக் கம்பெனியும். நம்மைக் கேட்காமலே அதை எடுத்துப் படிக்க அரசாங்கத்தால் முடியும். அப்படியானால் இந்தப் புதிய எழுத்துக்குச் சட்டம் என்ன மதிப்புத் தருகிறது? நமக்கு எதிராக வரும்போது தரும் அதே மதிப்பை, நமக்கு ஆதரவாக வரும்போதும் தருகிறதா? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் மெதுவாக வந்த வழி

சட்டம் எப்போதும் வியாபாரத்துக்குப் பின்னால்தான் வரும். செக் எழுதும் பழக்கத்துக்கு 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இருந்தது. ஆனால் செக் திரும்பினால் அது குற்றம் என்று ஆனது 1989 ஏப்ரல் 1 முதல்தான். 138ஆவது பிரிவு வந்த பிறகுதான் செக்குக்கு மரியாதை கூடியது என்பது நமது மண்டிகளில் எல்லோருக்கும் தெரியும். பிறகு செக்கின் மின்னணுப் படத்தை அனுப்பியே வசூல் செய்யும் முறைக்கு 2002இல் திருத்தம் வந்தது. 2007இல் வந்த பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு, வங்கிக்குக் கொடுத்த மின்னணுப் பண மாற்ற உத்தரவு இருப்பு இல்லாமல் திரும்பினால், அதற்கும் செக் போலவே தண்டனை உண்டு என்றது.

கணக்குப் புத்தகத்தின் கதையும் இப்படித்தான். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 34ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழில் முறையில் ஒழுங்காக எழுதி வரும் கணக்கை நீதிமன்றம் ஏற்கும். ஆனால் அந்தப் பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்டிவிட முடியாது என்றது அது. அதாவது, பேரேட்டில் 'இவர் 10,000 தர வேண்டும்' என்று நாம் எழுதியிருந்தால் மட்டும் போதாது. சரக்குப் போனதற்கு பில்லோ, லாரி ரசீதோ, கையெழுத்தோ, வேறு ஒரு துணை ஆதாரம் வேண்டும். எழுதுகிறவன் கையில் பேனா இருக்கிறது என்பதற்காக அவன் எழுதியதெல்லாம் உண்மையாகிவிடாது என்ற நல்ல புத்தி அந்தப் பிரிவில் இருக்கிறது.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தபோது, 'மின்னணு வடிவில் உள்ள கணக்குகளும்' என்ற சொற்களை அந்த 34ஆவது பிரிவில் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமம் வந்துவிட்டது. அதில் 28ஆவது பிரிவாக அதே விதி அப்படியே இருக்கிறது. ஆக, 150 ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாட்டின் சட்டம் ஒன்றைச் சொல்லி வருகிறது: கணக்கில் இருக்கும் பதிவு சாட்சியம், ஆனால் அது மட்டுமே முடிவு அல்ல. பேரேட்டுக்குச் சொன்ன இந்த நியாயத்தைத்தான் செல்போனுக்கும் சொல்லுங்கள் என்கிறோம்.

நமக்கு ஆதரவாக வரும்போது

வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர் செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். செல்லும். மின்னணு முறையில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-அ பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இரண்டு வியாபாரிகளுக்குள் எழுதிக்கொள்ளும் பிராமிசரி நோட்டுக்கு இது பொருந்தாது. ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் 2022இல் விலக்குக் கொடுத்தார்கள். நமக்குள் நோட்டு என்றால் இன்னமும் காகிதமும் கையெழுத்தும்தான்.

ஆர்டர் செல்லும் என்றாலும், அதை நீதிமன்றத்தில் நிரூபிப்பதில்தான் சங்கடம். போனில் உள்ள பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் அதனுடன் ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு 65-ஆ பிரிவு. இப்போது 63ஆவது பிரிவு. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இலும் 2020இலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு உள்ள அசல் கருவியையே உரியவர் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்றும் 2020 தீர்ப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடை நடத்துகிற போனை நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டு மறுநாள் எப்படி வியாபாரம் பார்ப்பது?

புதிய சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் கருவி யார் வசம் உள்ளதோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும். கோப்புக்குக் கைரேகை மாதிரி உள்ள 'ஹாஷ் மதிப்பு' என்ற எண்ணெழுத்து வரிசையையும் குறிப்பிட வேண்டும். பொய்யாக ஒட்டி வெட்டிய பதிவுகள் பெருகிவிட்ட காலத்தில் இந்தக் கட்டுப்பாடு தேவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 18,000 ரூபாய் பாக்கிக்கு வழக்குப் போடும் ஒரு பலசரக்கு வியாபாரி, சின்ன ஊரில் நிபுணரை எங்கே தேடுவார்? அவருக்கு என்ன கூலி கொடுப்பார்? பாக்கி வசூலாகும் முன்னால் பாதி அதிலேயே போய்விடும்.

நமக்கு எதிராக வரும்போது

இனி நாணயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அங்குள்ள வணிகவரித் துறை, 2021-22 முதல் 2024-25 வரை சிறு கடைக்காரர்களுக்கு யு.பி.ஐ. மூலம் வந்த தொகைகளைப் பணப் பரிமாற்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கிக் கூட்டிப் பார்த்தது. கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டியவர்களுக்கு நோட்டீஸ் போனது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் கலங்கிப் போனார்கள். காய்கறி விற்கிற ஒருவருக்கே பல லட்ச ரூபாய் வரி என்று நோட்டீஸ் வந்தது. காய்கறிக்கு வரியே கிடையாது! பெங்களூரில் பல கடைகள் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி மாட்டின. போராட்டம் அறிவிக்கப்பட்டது. ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்றும், வரம்புக்கு மேல் உள்ளவர்கள் இனிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்ன பிறகுதான் நிலைமை அடங்கியது.

வரம்பைத் தாண்டியவர்கள் பதிவு செய்ய வேண்டியது சட்டம். அதில் நமக்கு மறுப்பில்லை. சரக்கு மட்டும் விற்கும், வெளி மாநில விற்பனை இல்லாத வியாபாரிக்கு 40 லட்சம் ரூபாய் என்பது கர்நாடகத்திலும் நம் தமிழ்நாட்டிலும் வரம்பு. வரி விலக்குச் சரக்கை மட்டும் விற்பவருக்கு எவ்வளவு விற்றாலும் பதிவு தேவையில்லை. இரண்டும் கலந்து விற்பவருக்கு வரம்பு பார்க்கும்போது எல்லாம் சேரும். வரி போடும்போது வரிச் சரக்குக்கு மட்டும்தான்.

ஆனால் போனில் வந்து விழுகிற 60 ரூபாய்க்கு இந்த வேற்றுமையெல்லாம் தெரியுமா? மூட்டையைப் பிரித்து அளந்து கொடுத்த அரிசிக்கு வரி கிடையாது. அதே அரிசி 25 கிலோ வரையிலான பையில் அடைத்து லேபிள் ஒட்டி வந்தால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். சத்தப் பெட்டி இரண்டுக்கும் 'அறுபது ரூபாய் பெறப்பட்டது' என்றுதான் சொல்லும். இன்னொன்று: 'அண்ணாச்சி, ஐந்நூறு போன்ல போட்டுவிடுறேன், ரொக்கமாக் குடுங்க' என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர்! மகன் வெளியூரிலிருந்து வீட்டுச் செலவுக்கு அனுப்பியது, கைமாற்றாக வாங்கியது, திருப்பித் தந்த கடன், சீட்டுப் பணம் எல்லாம் அதே கணக்கில்தான் விழுகின்றன. வரவு எல்லாம் விற்பனை ஆகிவிடுமா? கணக்குப் பதிவு மட்டும் போதாது, துணை ஆதாரம் வேண்டும் என்று 1872இல் சொன்ன நியாயம் இங்கே எங்கே போயிற்று? வரிச் சட்டத்துக்குத் தனி நடைமுறை உண்டு என்பார்கள். இருக்கட்டும். நடைமுறை வேறாகலாம், நியாயம் வேறாகுமா?

கல்லாவைப் பூட்டும் நோய்

இதைவிடக் கொடுமை கணக்கு முடக்கம். எங்கள் மண்டியில் பருப்பும் எண்ணெயும் எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர். முகம் தெரியாத ஒருவர் வந்து 1,850 ரூபாய்க்குச் சாமான் வாங்கி யு.பி.ஐ.யில் பணம் செலுத்திப் போயிருக்கிறார். சில நாள் கழித்துக் கடைக்காரரின் நடப்புக் கணக்கு முழுவதும் நின்றுவிட்டது. அந்த 1,850 ரூபாய் வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணத்தின் ஒரு துண்டாம். வங்கியில் கேட்டால் 'போலீஸ் உத்தரவு, அங்கே போய்க் கேளுங்கள்' என்றார்கள். அந்தக் காவல் நிலையம் ஆயிரம் மைலுக்கு அப்பால். பாஷை தெரியாது. போன் எடுப்பாரில்லை. அவர் எங்களுக்குக் கொடுத்த செக் திரும்பியது. அவர் நாணயஸ்தர் என்று தெரிந்ததால் பொறுத்துக்கொண்டோம்; ஆனால் நாங்கள் மில்லுக்குக் கட்ட வேண்டிய பணம் பொறுக்குமா? ஒரு கடையின் கணக்கு நின்றால் அந்தச் சங்கிலியில் உள்ள அத்தனை பேர் கையும் கட்டப்படுகிறது.

இதற்கு ஆதாரமான சட்டம், திருட்டுப் பொருளைக் காவல்துறை கைப்பற்றலாம் என்ற பழைய அதிகாரம். வங்கிக் கணக்கும் 'சொத்து'தான், அதையும் கைப்பற்றலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவாக இருக்கிறது. கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

ஏமாந்தவர் 1930 என்ற எண்ணுக்குச் சொன்னவுடன் பணம் போகும் வழியை அடைக்க வேண்டும் என்பதை நாம் எதிர்க்கவில்லை. ஏமாறுகிறவர்களில் நம் வாடிக்கையாளரும் உண்டு, நம் வீட்டாரும் உண்டு. வேகமாகச் செய்யாவிட்டால் பணம் கைமாறிப் போய்விடும். ஆனால் ஒன்று கேட்கிறோம். திருடிய ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று தெரியாமல் நம் கல்லாவுக்கு வந்துவிட்டால், போலீஸ் அந்த நோட்டை எடுத்துப் போகும். கடையைப் பூட்டி சீல் வைக்குமா? காகித நோட்டுக்கு இல்லாத தண்டனை செல்போன் பணத்துக்கு மட்டும் ஏன்? 2023இல் கேரள உயர் நீதிமன்றமும், 2024இல் நமது சென்னை உயர் நீதிமன்றமும் சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்ற வழியைக் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் உயர் நீதிமன்றம் போய்த்தான் தம் கல்லாச் சாவியை வாங்க வேண்டும் என்றால், 1,850 ரூபாய்க்கு எத்தனை ஆயிரம் செலவழிப்பது?

நாம் கேட்பது

நமது சங்கமும் பேரவையும் அரசாங்கத்திடம் மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டும்.

முதலாவது, யு.பி.ஐ. வரவின் கூட்டுத்தொகை மட்டுமே விற்றுமுதலுக்குப் போதுமான சான்று ஆகாது என்பதை ஜி.எஸ்.டி. விதிகளிலேயே எழுத வேண்டும். முதலில் நமக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்டுக் கடிதம். விலக்குச் சரக்கையும் சொந்தப் பணத்தையும் கழித்த பிறகே வரிக் கணக்கு.

இரண்டாவது, சந்தேகத் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட நிறுத்தக் கூடாது. காரணம், காவல் நிலையம், புகார் எண் மூன்றையும் கணக்குதாரருக்கு உடனே எழுத்தில் தர வேண்டும். நம் மாவட்டத்திலேயே விளக்கம் கொடுக்க வழி வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தடை தானாகவே நீங்க வேண்டும். சுற்றறிக்கையும் வழிகாட்டு நெறியும் போதாது. வங்கி மேலாளரையும் காவல் அதிகாரியையும் கட்டுப்படுத்தும் சட்டமாகவே வர வேண்டும்.

மூன்றாவது, சிறு தொகை வழக்குகளில் வங்கியே சான்றளித்த கணக்கு விவரமும் இ-இன்வாய்ஸும் இருந்தால், நிபுணர் கையெழுத்து வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. அரசாங்கம் நோட்டீஸ் அனுப்பப் போதுமான பதிவு, நாம் பாக்கி வசூலிக்கவும் போதுமானதாக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கேட்பதோடு நின்றால் போதாது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். போனில் போட்டாலும் அப்படித்தான். கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று இன்றே பிரித்துவிடுங்கள். போனில் பணம் வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்; கணக்கு முடங்கும் ஆபத்து அந்த வழியாகவும் வருகிறது. வாங்குபவர் காட்டும் போன் திரையை நம்பாமல், உங்கள் வங்கிச் செய்தியையோ சத்தப் பெட்டியையோ கேட்ட பிறகு சரக்கைக் கொடுங்கள். இரவு கடை கட்டும் முன்னால் ரொக்க விற்பனை, போன் விற்பனை, விலக்குச் சரக்கு, வரிச் சரக்கு என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரிதான் நாளை உங்களுக்குத் துணை ஆதாரம்.

புதுப் போன் வாங்கினால் பழைய ஆர்டர்களை அழித்துவிடாதீர்கள். பாக்கி வழக்கு என்றால் போன் படத்தைவிட, வங்கி சான்றளித்துத் தரும் கணக்கு நகல் வலுவானது. வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891 முதலே அதற்கு மதிப்புத் தருகிறது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நோட்டீஸ் வந்தால் பயந்து மேஜைக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். கெடு முடியும் முன்னால் பதில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.

கியூ.ஆர். அட்டையைக் கழற்றி எறிவது பரிகாரமல்ல. வாடிக்கையாளர் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாம் மறுத்தால் அவர் பெரிய கடைக்குப் போவார். புதிய கருவியை ஏற்றுக்கொண்டோம். அதற்கு வரியும் கட்டுகிறோம், கணக்கும் வைக்கிறோம். பதிலுக்குப் பேரேட்டு வியாபாரிக்கு இந்த நாட்டுச் சட்டம் கொடுத்த பழைய நியாயத்தைக் குறைவில்லாமல் கேட்கிறோம். கர்நாடக வணிகர்கள் சேர்ந்து நின்றதால்தான் அங்கே பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். நாமும் நோட்டீஸ் வருவதற்கு முன்னாலேயே சேர்ந்து நின்று கேட்போம்.